டயகமவுக்கு ஒரு ஜமுக்காளம்

பதினொரு கிலோ ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொழும்பில் சுங்க அதிகாரி கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஜமுக்காளத்துக்குள்ளே ஜமுக்காளம்தான் இருக்கிறது என்றேன். அவர் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார், மறுமுனையைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் முகர்ந்தும் பார்த்தார். விற்கவா என்றார். இல்லை, பரிசு. யாருக்கு? ஒரு டீச்சருக்கு என்றேன். என் வழுக்கைத் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

வினை என் வாயால் வந்தது. பவானியில் பிறந்தவன் நான். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழைதிருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வுபெற்றவன். வேலை இல்லாதவன் சும்மா இருந்தாலாவது வீட்டுக்கு நிம்மதி. நான் ஒரு சிறு பத்திரிகையில் வீட்டுச் சொற்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். முறம், தலையணை, பாய் என்று வரிசையாக வந்து ஜமுக்காளத்தில் ஏறியதும் எனக்கு ஊர்ப் பெருமை தலைக்கேறிவிட்டது. நாலு பேர் ஜமாவாகக் கூடி உட்காருகிற துணி, அதனால் ஜமுக்காளம் என்று ஒரு போடு போட்டேன். கம்பளம் மந்திரிகள் நடப்பதற்கு, ஜமுக்காளம் நாம் உட்காருவதற்கு என்று முடித்ததில் எனக்கே கண் கலங்கியது.

ஈரோட்டிலிருந்து என் நண்பர், அகராதிப் பித்தர், மறுநாளே போன் செய்தார். “ஏனுங்க, ஜமாவுமில்லை கிமாவுமில்லை. உருதுல ஜம்கானான்னு ஒரு சொல்லு இருக்குது, அதுல இருந்து வந்ததுன்னு பழைய அகராதியே சொல்லுது. ‘கானா’ எப்படிங்க ‘காளம்’ ஆச்சுன்னு அதை எழுதுங்க. அதை விட்டுப்போட்டு ஜமா சேர்க்கறீங்களே” என்றார். நான் அச்சுப்பிழை என்று சொல்லிப் பார்த்தேன். பிழைதிருத்துபவர் யார் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கட்டுரையைப் பாராட்டி வந்தது ஒரே ஒரு கடிதம். அதுவும் வாட்ஸ்அப்பில், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட டீச்சர், மகேஸ்வரி என்று பெயர். “சேர், எங்க தோட்டம் முழுக்க ஒரே ஒரு ஜமுக்காளந்தான் இருக்கு. மரண உதவிச் சங்கத்தோடது. யாராவது செத்தா மட்டுந்தான் வெளிய எடுப்பாங்க. செவப்பும் நீலமும் பட்டை போட்டது. அந்தக் காலத்துல யாரோ இந்தியாவுல இருந்து கொண்டாந்தாங்களாம். வந்து பாருங்க” என்று எழுதியிருந்தார்.

தொடர்ந்து எழுதிக்கொண்டோம். அதில்தான் அந்த வீட்டு விவகாரம் தெரிந்தது. அவருடைய அப்பா கறுப்பையா நெஞ்சுச்சளியில் இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அதே தோட்டத்தின் மேல் பிரிவில், அவர்கள் சொல்கிறபடி மேல் டிவிசனில், அரைமணி நடைதூரத்தில், தம்பி மருதை இருந்தார். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுடைய அம்மா இறந்தபோது மருதை கொழும்பில் கடை ஒன்றில் வேலையாக இருந்தார். தகவல் கிடைத்துப் புறப்பட்டவரை வழியில் மண்சரிவு மறித்துவிட்டது. அண்ணன் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார். மறுநாள் விடிந்து வந்த மருதை பார்த்தது வாசலில் விரித்திருந்த ஜமுக்காளத்தை மட்டுந்தான். ‘நீ செத்தாலும் உன் சாவு ஜமுக்காளத்துல வந்து உக்கார மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர், போனவர்தான். “அப்பாவும் சொல்லி அனுப்ப மாட்டேங்கிறாரு, சித்தப்பாவும் வர மாட்டேங்கிறாரு. அப்பாவுக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா சித்தப்பா சொன்னத சொன்னபடி செஞ்சிருவாரோன்னு பயமா இருக்கு சேர்” என்று எழுதியிருந்தார் டீச்சர்.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? நோட்டை எடுத்து ‘சாவு ஜமுக்காளம் – இலங்கை மலையக வழக்கு’ என்று குறித்து, கீழே இரண்டு கோடு போட்டேன். அத்தோடு நில்லாமல், டீச்சருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் சிவப்பும் நீலமும் பட்டை போட்ட புது ஜமுக்காளம் ஒன்றை வாங்கிக் கட்டினேன். பவானியில் அது கல்யாணத்துக்கு விரிப்பது, கச்சேரிக்கு விரிப்பது, சீட்டாட விரிப்பது. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருளா என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. வீட்டுக்காரிக்கு வந்தது. “ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போங்களேன்” என்றாள். சொல்லாராய்ச்சி தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ். ஜமுக்காளத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் கண்டக்டருக்கும் மொழி இல்லாத சண்டை. மேலே வைத்தால் விழும், கீழே வைத்தால் தடுக்கும். கடைசியில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். முன் இருக்கைக்காரர் திரும்பி மொழிபெயர்த்தார்: “இது பெதுரவான்னு கேக்குறாங்க. பாயான்னு.” பாய்க்கு அண்ணன் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த தன் பேத்தியின் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கினிகத்தேனை வரை குழந்தையின் கால், அதன் கீழே ஜமுக்காளம், அதன் கீழே நான். இறங்கும்போது குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

கினிகத்தேனையில் பஸ் நின்றபோது கடைக்காரர் சுடச்சுட உளுந்து வடை கொடுத்தார். தேநீரும் வந்தது, பால்மா என்கிற பால்பொடி கலந்து. பவானியில் பசும்பாலில் நுரைபொங்க ஆற்றித் தருவார்களே என்று பெருமூச்சு விட்டேன். கடைக்காரர் விடவில்லை. “நீங்க பால் குடிக்க வந்தீங்களா, தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா?” இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன். ஹட்டனில் இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும், மிளகாயை இடித்துச் செய்த கட்டச் சம்பலும். காரம் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார்கள். கொங்கு நாட்டுக்காரனிடமா என்று ஒரு கவளம் கூடுதலாக வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். பரிமாறியவர் இரக்கப்பட்டு வாழைப்பழம் கொடுத்தார்.

இரண்டாம் நாள்தான் என் நாள். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஏறி டயகமவில் இறங்கும்போது போன் உயிரை விட்டிருந்தது. இறங்கியதும் போன் பண்ணுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் என்ன, வழி கேட்டுப் போகத் தெரியாதா என்று ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். பாதி தூரத்தில் ரோட்டையே மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஆட்டோக்காரர் இறங்கி, எட்டிப் பார்த்து, “இதுக்கு மேல கால்தாங்க” என்றார். தேயிலைக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். “மேல ஏறி எறங்குனா பணிய லயம். அங்க கேளுங்க.” கீழே இருக்கிற வீட்டு வரிசையைத்தான் பணிய லயம் என்கிறார் என்று புரிந்தது.

ஏறினேன். பத்தாவது அடியில் வலது செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டுவதை விட இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடப்பது மேல் என்று முடிவு செய்தேன். தூறல் விழுந்தது. ஜமுக்காளம் நனையாமல் இருக்கட்டும் என்று என் துண்டை அதற்குப் போர்த்தினேன். என்ன போர்த்தியும் இரண்டு பக்கமும் சிவப்பு நீலப் பட்டைகள் தெரிந்தன. அரை மைல் போவதற்குள் மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுவிட்டது.

சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கையை அப்படியே நிறுத்தினாள். அடுத்தவள் தலைமேல் கிடந்த கம்பளியை இறக்கினாள். “யாரு வீட்டுக்குங்க?” என்று ஒரு குரல் வந்தது. பதில் சொல்ல என்னிடம் காற்று இல்லை. கையை நீட்டிப் பணிய லயத்தின் பக்கம் காட்டிவிட்டு நடந்தேன். “ஐயோ, கறுப்பையா அண்ணனா!” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அட, டீச்சர் நம் வருகையைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் பெண்கள் கூடையோடு வரிசையாக என் பின்னால் இறங்கி வருகிறார்கள். ஒருத்தி மட்டும் மேல் டிவிசன் பக்கம் ஓடினாள். இப்படி ஒரு வரவேற்பு எந்த எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்கும்!

கறுப்பையா வீட்டை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்தவர்களே அந்த வாசலில் கொண்டு நிறுத்தினார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் தோள்சுமையை இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள், பவளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கயிற்றை அவிழ்த்து ஜமுக்காளத்தை வாசலில் விரித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பாட்டன் பூட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள், தாய்மண்ணின் நெசவைக் கண்டு கலங்குகிறார்கள் என்று நினைத்தேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது. கைகளைக் கூப்பினேன். அவர்களும் கூப்பினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த ஜமுக்காளம் என்கிற சொல் இருக்கிறதே…” என்று ஆரம்பித்தேன். அழுகை கூடியது. இத்தனை உணர்ச்சியோடு என் சொல்லாராய்ச்சியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் மேல் பாதையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர், கால்சட்டை முழங்கால்வரை சேறு, கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. வாசலுக்கு வந்ததும் கத்தி கையிலிருந்து விழுந்தது. யாரையும் பார்க்கவில்லை. விரித்த ஜமுக்காளத்தின் நட்டநடுவில் தொப்பென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே! நான் வர மாட்டேன்னு சொன்னா நீ ஆள் விட்டுக் கூப்புடக்கூடாதாண்ணே! ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருந்தா ஓடியாந்திருப்பேனே! அம்மாவையும் பாக்க விடல, உன்னையும் பாக்க விடலியே!”

மருதை என்று எனக்குப் புரிந்தது. பின்னாலேயே பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தார். வாட்ஸ்அப் படத்தில் பார்த்த முகம், மகேஸ்வரி டீச்சர். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார். “அப்பா…” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றார். மருந்துத் தூக்கம் கண்ணில் இருந்தது.

“யாருடி செத்தது?” என்றார்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார். எனக்கா என்பதுபோல் தன் நெஞ்சில் கைவைத்தார். பவளம் அழுகையோடு அழுகையாக ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அடி அறிவுகெட்டவளுகளா! உள்ளாற வந்து ஒருத்தியாவது பாத்தீங்களாடி!”

இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு எழாத மனிதர் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. டீச்சர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் கும்பிட்ட கையை இறக்காமல், “நாந்தானுங்க… பவானியில இருந்து… பரிசுங்க…” என்று துண்டு துண்டாகச் சொன்னேன். பவளந்தான் எனக்கு விளக்கினாள், விளக்கினாள் என்பதைவிடத் திட்டினாள் என்பது சரி. “சங்கத்து ஜமுக்காளத்தத் தூக்கிட்டுப் போற ஆளு செருப்புப் போட மாட்டாங்க. வழியில யாரு கேட்டாலும் வாய் தொறக்க மாட்டாங்க, கையக் காட்டிட்டுப் போயிருவாங்க. தோள்ல அதக் கண்டா நாங்க வேலையப் போட்டுட்டு எறங்கிருவோம். நீங்க அத்தனையையும் ஒண்ணு விடாம செஞ்சிருக்கீங்களே, யாருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?”

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே வந்தது. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எல்லோரும் அதைக் கவனித்தோம். மருதை எழுந்திருக்கவில்லை. நனைந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடி அண்ணனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பையாவும் பார்த்தார்.

“உக்கார மாட்டேன்னியேடா” என்றார்.

“நீ செத்துட்டன்னு நெனச்சேன்.”

“அதுக்குத்தான உக்கார மாட்டேன்னு சொன்ன?”

கறுப்பையா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசல்படி இறங்கினார். மழையில் வேண்டாம் என்று டீச்சர் தடுத்ததைக் காதில் வாங்கவில்லை. தம்பிக்கு ஒரு முழம் தள்ளி, ஜமுக்காளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். யாரோ தலைக்குமேல் குடை பிடித்தார்கள். “அன்னைக்கு மழ நிக்கல. பாதையும் தொறக்கல. நீ எப்ப வருவன்னு தெரியல. மூணு தரம் ரோட்டு வரைக்கும் போய்ப் பாத்தேன்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

“மூணு தரமா?”

“மூணு தரம்.”

“இத ஏன் சொல்லல?”

“நீ எங்க சொல்ல விட்ட?”

பவளம் தேநீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் கறுப்பையாவின் முகம் கோணியது. துக்க வீட்டுத் தேநீரில் சீனி போட மாட்டார்களாம். பவளம் அழுதுகொண்டே அடுப்பில் ஏற்றியது இது. “சீனி போடுடி! உசுரோடதான் இருக்கேன்!” என்றார். வாசலில் முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. அதன்பிறகு எல்லோரும் உட்கார ஆரம்பித்தார்கள். கூடை இறக்கிய பெண்கள், பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரைத் தேடி வந்தவர்கள், நிஜ ஜமுக்காளத்தைப் பூட்டிவைத்திருந்த சங்கத்துச் செயலாளர், எல்லோரும். ஈரோட்டு நண்பர் சொன்னதுதான் சரி, அந்தச் சொல் உருதிலிருந்தே வந்திருக்கட்டும். என் ஜமாவை நான் அன்றைக்கு அந்த வாசலிலேயே விட்டுக்கொடுத்துவிட்டேன். பதினொரு கிலோவைச் சுமந்துவந்தவனுக்கு அதில் உட்கார இடமில்லை. வெறுங்காலோடு படியில் குந்தினேன். கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன. டீச்சர் உப்பைக் கொண்டுவந்து தானே போட்டுவிட்டார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நோயாளி வீட்டில் இது கிடக்க வேண்டாம், திரும்ப எடுத்துப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “வச்சிட்டுப் போங்க” என்றார் கறுப்பையா. “மறுபடியும் தோள்ல தூக்கிட்டு நடந்தீங்கன்னா இன்னொருத்தன் செத்துப்போவான்.”

சீனி போட்ட தேநீர் வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். பெண்கள் மலைக்குத் திரும்பினார்கள். மருதை கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு அடி போனவரைக் கறுப்பையா கூப்பிட்டார்.

“டேய். நான் நெசமாவே போனா வருவியா, மாட்டியா?”

மருதை திரும்பினார். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு ஆளு சாவுக்கு ஒருக்காத்தான் வர முடியும். உனக்கு வந்துட்டேன். இனி நீ சாகப்படாது, சொல்லிட்டேன்.”

“சரிடா” என்றார் கறுப்பையா.